மண்ணில் கை வைத்த பிள்ளையை அடிக்காதீர்கள், ஒரு மேசை செய்து கொடுங்கள்



இந்த முறை மருந்து மாத்திரை பற்றி எழுதப் போவதில்லை. நம் சின்னப் பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன். "சுகாதாரப் பகுதியில் விளையாட்டுக்கு என்ன வேலை?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், வேலை இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். பெரும்பகுதி செம்பனை. ஓர் ஓரத்தில் மட்டும் ரப்பர் மரங்கள் மிச்சமிருந்தன. ஆயாக் கொட்டகை வாசலில் நின்று ஆயாம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். முதல் நாள் மழை பெய்திருந்ததால் வாசல் எல்லாம் சேறு. மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒன்று அந்தச் சேற்றை உருண்டை உருண்டையாகப் பிடித்து ஒரு தகர மூடியில் அடுக்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் மூடியைத் தூக்கி நீட்டி, "தாத்தா, கட்டிப்பால் நிறுக்கணும், இந்தாங்க" என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தராசு பிடிப்பது போல் கையை வைத்து, "ரெண்டு கிலோ" என்றேன். பிள்ளைக்கு ஒரே சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்து வேலை முடிந்து அதன் அம்மா வந்தார். வந்த வேகத்தில் பிள்ளையின் முதுகில் ஓர் அடி. "எத்தன தடவ சொல்றது, மண்ணுல கை வைக்காதன்னு!" பிள்ளை வீறிட்டு அழுதது. கையைக் கழுவி, இடுப்பில் தூக்கி வைத்து, கைப்பேசியைக் கொடுத்தார். அழுகை நின்றது.

"ஏம்மா, புள்ளதானே, வெளாடிட்டுப் போகட்டுமே" என்றேன்.

"ஐயா, எங்கம்மா இந்த மண்ணுல கெடந்தாங்க. நானும் கெடக்கிறேன். கட்டிப்பால் நிறுக்கிறதெல்லாம் எங்களோட போகட்டும்யா. எம்புள்ள கையாச்சும் சுத்தமா இருக்கட்டும்" என்றார்.

எனக்கு அப்போது பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர் மட்டுமல்ல, நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. தோட்டத்துத் தரை மண் சுத்தமானதல்ல. நாய், பூனை, கோழி எல்லாம் புழங்குகிற இடம். கொக்கிப் புழுவின் குஞ்சு வெறுங்கால் தோலைத் துளைத்து உள்ளே போகும். நாக்குப்பூச்சி முட்டை அழுக்கு விரலோடு வாய்க்குள் போகும். பூச்சி வயிற்றில் இருந்தால் சாப்பிட்ட சோறு உடம்பில் ஒட்டாது. இரத்தம் குறையும், பிள்ளை சோர்ந்து கிடக்கும். களைக்கொல்லி அடித்த இடத்து மண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் அதற்கு மருந்து, பிள்ளையின் கையைக் கட்டிப் போடுவதல்ல. கைப்பேசியைக் கொடுப்பதும் அல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்கிறது. இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்கிறது. கைப்பேசிக் கண்ணாடியைத் தேய்க்கிற விரலுக்கு எல்லாப் பொருளும் ஒன்றுதான். யானைப் படமும் வழுவழு, மீன் படமும் வழுவழு. கனம் இல்லை, ஈரம் இல்லை, சூடு குளிர்ச்சி இல்லை.

பிள்ளை கையால்தான் படிக்கிறது

சின்னப் பிள்ளை ஒரு டம்ளர் தண்ணீரை இன்னொரு டம்ளரில் ஊற்றுவதைக் கவனித்துப் பாருங்கள். நாக்கைக் கடித்துக்கொண்டு ஊற்றும். முதலில் பாதி கீழே போகும். பத்தாவது தடவை கால்வாசி போகும். மறுநாள் ஒரு சொட்டுப் போகாது. அதற்குள் மணிக்கட்டு திரும்பப் பழகிவிட்டது, கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யப் பழகிவிட்டன. "நிறைய", "கொஞ்சம்", "வழியுது", "பத்தல" என்ற சொற்களுக்குப் பொருள் தெரிந்துவிட்டது. இதுதான் கணக்குப் பாடத்தின் தொடக்கம். பிற்பாடு பாலர் பள்ளியில் பென்சில் பிடிக்கப் போவதும் இதே விரல்கள்தான். ஈர மணலைப் பிசைந்த விரலில் பலம் இருக்கும். பிசையாத விரல் பென்சிலைப் பிடித்த சிறிது நேரத்தில் வலிக்கிறது என்னும்.

இது பணக்காரப் பிள்ளைகளுக்காகக் கண்டுபிடித்த சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி இத்தாலியின் ரோம் நகரில், சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், டாக்டர் மரியா மாண்டிசோரி என்ற அம்மையார் ஒரு குழந்தைகள் இல்லம் திறந்தார். அப்பா அம்மா வேலைக்குப் போன பிறகு மாடிப்படியிலும் சுவரோரத்திலும் திரிந்த பிள்ளைகள்தான் அங்கே வந்தார்கள். அவர்களுக்கு அவர் கொடுத்தது ஊற்ற, கழுவ, அடுக்க, தடவிப் பார்க்கச் சாமான்கள். சொரசொரப்பையும் வழுவழுப்பையும் விரலுக்குக் காட்ட உப்புத்தாள் ஒட்டிய பலகைகூடக் கொடுத்தார். பிறகு 1939இல் அவர் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். லண்டனில் டெப்ட்ஃபோர்டு என்ற ஏழைப் பகுதியில் மெக்மில்லன் சகோதரிகள் 1914இல் திறந்தவெளிக் குழந்தைப் பள்ளி தொடங்கியதும் கூலிக்காரர் பிள்ளைகளின் உடல்நலத்துக்காகத்தான்.

ஆக, தொழிலாளர் பிள்ளைகளிடம் தொடங்கிய சங்கதி, இன்று பட்டணத்துத் தனியார் பள்ளிகளில் மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு நடக்கிறது. நம் பிள்ளைகளுக்குத்தான் அது கிடைப்பதில்லை. அங்கே இதற்கென்றே ஒரு மேசை வைத்திருக்கிறார்கள். மேல் பகுதி தொட்டி போல் குழிந்திருக்கும். அதில் ஒரு நாள் தண்ணீர், ஒரு நாள் மணல், ஒரு நாள் இலையும் பூவும். பிள்ளைகள் சுற்றி நின்று தொட்டு, அள்ளி, ஊற்றி விளையாடுவார்கள். தரை மண்ணைத் தொடத் தேவையில்லை. நாம் கழுவிப் போட்ட மணல், நாம் ஊற்றிய தண்ணீர். அந்த அம்மாவின் பயத்துக்கும் இதுதான் பதில், பிள்ளையின் ஆசைக்கும் இதுதான் பதில்.

எப்படிப்பட்ட மேசை?

கடையில் விற்கிற பிளாஸ்டிக் மேசை வாங்கலாம். சின்ன மேசை வாங்கினாலே ஒரு நாள் கூலி போய்விடும், பெரியது என்றால் பல நாள் கூலி. வாங்குகிறவர்கள் கலரையும் பொம்மையையும் பார்த்து மயங்காதீர்கள். சக்கரம், ஏணி, தண்ணீர் சுற்றுகிற காற்றாடி எல்லாம் சில நாளில் உடைந்து போகும். கையால் ஆட்டிப் பாருங்கள், கால் ஆடுகிறதா? விளிம்பைத் தடவிப் பாருங்கள், கையை அறுக்கிறதா? தண்ணீரைத் திறந்துவிட அடியில் துளையும் அடைப்பானும் இருக்கிறதா? மூடி இருக்கிறதா? எல்லா மூலையிலும் கை விட்டுக் கழுவ முடியுமா? இந்த ஐந்தும் சரியாக இருந்தால் போதும்.

வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தோட்டத்துத் தச்சரிடம் சொன்னால் அரை நாள் வேலை. 2 அடி அகலம், 3 அடி நீளத்தில் நான்கு கால் சட்டம் அடித்து, அதற்குள் புதிதாக வாங்கிய பெரிய பிளாஸ்டிக் பேசின் இரண்டை இறுக்கமாக உட்கார வைத்தால் மேசை தயார். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மணல். நான்கு பிள்ளைகள் இடிக்காமல் நிற்கலாம். மரத்தை உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்க்கச் சொல்லுங்கள், சிலாம்பு ஏறக் கூடாது. பழைய பெயிண்ட் உரிகிற பலகை வேண்டாம், அதில் ஈயம் இருக்கலாம்.

உயரம் முக்கியம். விளிம்பு பிள்ளையின் இடுப்பு மட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு சுமார் 16 அங்குலம், நான்கு வயதுப் பிள்ளைக்கு சுமார் 20 அங்குலம். உயரம் கூடினால் பிள்ளை எக்கி எக்கி மேசையையே இழுத்துச் சாய்க்கும். கனத்தையும் மறக்காதீர்கள். 10 லிட்டர் தண்ணீர் 10 கிலோ. மணல் அதைவிடக் கனம். கால் தடிமனாக இருக்கட்டும், தரை சமமாக இருக்கட்டும், இடம் நிழலாக இருக்கட்டும்.

இப்போது சொல்லப் போவதை இரண்டு தடவை படியுங்கள். மருந்து வந்த டப்பா, களைக்கொல்லிக் கேன், ஆசிட் கேன், உரச் சாக்கு, ரப்பர் மங்கு இவற்றில் எதையும் பிள்ளை விளையாட்டுக்கு எடுக்காதீர்கள். "நல்லா கழுவிட்டேன், வாசனையே இல்ல" என்பார்கள். பிளாஸ்டிக்கில் ஊறிய விஷம் கழுவினாலும் முழுதாகப் போகாது. பாராகுவாட் நம் மலேசியாவில் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. அதனால் பழைய கேன் எல்லாம் ஒழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு வாய் உள்ளே போனாலே பெரியவர் உயிரையே எடுத்துவிடக்கூடிய மருந்து அது. அப்படிப்பட்ட கேனை வெட்டிப் பிள்ளைக்குத் தொட்டி செய்யலாமா?

எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது?

கழுவிய ஆற்று மணல் நல்லது. பேசினில் போட்டு, கலங்கல் தெளியும்வரை நாலைந்து தடவை கழுவி, வெயிலில் காய வைத்துப் போடுங்கள். கட்டட வேலை மிச்ச மணலில் சிமெண்டு கலந்திருக்கும், அது தோலைப் புண்ணாக்கும். கல் அரைத்த தூளும் வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். மணலை லேசாக ஈரமாக வைத்திருந்தால் கண்ணிலும் பறக்காது, கொழுக்கட்டை பிடிக்கவும் வரும். விளையாட்டு முடிந்ததும் மூடி வைக்க வேண்டும். திறந்து கிடக்கிற மணலைக் கண்டால் பூனை விடாது.

சாமான்களுக்குக் காசு செலவு செய்ய வேண்டாம். தேய்த்த தேங்காய்ச் சிரட்டை, பிளாஸ்டிக் டம்ளர், புனல், வடிகட்டி, பழைய கரண்டி, ஸ்பஞ்சுத் துண்டு, வாழை இலை, செம்பருத்திப் பூ. இவ்வளவு போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். இரண்டு மூன்று கொடுத்து, சலித்த பிறகு மாற்றிக் கொடுங்கள்.

சில இடங்களில் அரிசி, பருப்பைக் கொட்டி விளையாட விடுகிறார்கள். சோற்றை விளையாட்டாக்காதே என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். அந்தப் பேச்சு எனக்கும் சரியாகவே படுகிறது. சுகாதாரக் காரணமும் உண்டு. எறும்பும் எலியும் வரும். ஒரு பருப்பு மூக்கில் போனால் ஊறிப் பெருத்து, டாக்டர் எடுக்க வேண்டி வரும்.

மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கோலிக்குண்டு, பாசிமணி, புளியங்கொட்டை எதுவும் கூடாது. உங்கள் கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் வளையம் போல் சேர்த்துப் பாருங்கள். அந்த வளையத்துக்குள் புகுந்து விழுகிற சாமான் பிள்ளையின் தொண்டையையும் அடைக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்திலேயே கிடக்கிற இரண்டு விதைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாம் சின்ன வயதில் ரப்பர் விதையைப் பொறுக்கி, தரையில் தேய்த்துச் சூடாக்கி, அடுத்தவன் தொடையில் வைத்து விளையாடியிருக்கிறோம். பெரிய பிள்ளைகள் விளையாடட்டும், வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைக்கு வேண்டாம். பச்சை ரப்பர் விதையின் பருப்பில் சயனைடு விஷத்தை உண்டாக்குகிற சத்து இருக்கிறது. சிவப்பும் கறுப்புமாக அழகாய் இருக்கும் குன்றிமணி அதைவிட மோசம், கடித்து உடைத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. தண்ணீரில் போட்டால் பெரிதாகிற ஜெல்லி மணி என்று கடையில் விற்கிறார்கள். அதை விழுங்கினால் குடலுக்குள்ளும் பெரிதாகி அடைத்துக்கொள்ளும். வாங்கவே வாங்காதீர்கள்.

எப்படிப் பயன்படுத்துவது?

தண்ணீர் 2 அங்குலம் போதும். "ரெண்டு அங்குலத் தண்ணிதானே" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள். தலைகுப்புற விழுந்த சின்னப் பிள்ளை அந்த 2 அங்குலத்திலேயே மூச்சுத் திணறிப் போகும். சத்தமும் கேட்காது. தண்ணீர் இருக்கிற நேரமெல்லாம் ஒரு பெரியவர், கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எழுந்து போக வேண்டியிருந்தால் முதலில் தண்ணீரைத் திறந்துவிடுங்கள், பிறகு போங்கள்.

விளையாட்டுக்கு முன்னும் பின்னும் எல்லாருக்கும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவல். மெதுவாக இருபது வரை எண்ணச் சொல்லுங்கள், அதுவும் ஒரு பாடம். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தோலில் புண் உள்ள பிள்ளைக்கு அன்று மேசை வேண்டாம். கை கால் வாய்ப்புண் நோய் நம் நாட்டில் அடிக்கடி வருகிறது. எச்சில், கொப்புள நீர், மலம் மூலமாக ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும். அது தலைகாட்டினால் மேசையைச் சில நாள் மூடிவிட்டு, சாமான்களைக் கிருமிநாசினி போட்டுக் கழுவுங்கள். வயிற்றுப் பூச்சிக்கு எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை மாத்திரை என்று அரசாங்கக் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தினமும் விளையாட்டு முடிந்ததும் தண்ணீரைக் கொட்டி, பேசினைத் தேய்த்து, கவிழ்த்து வையுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக வர ஒரு வாரம் பத்து நாள் போதும். டிங்கியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொசு வளர இடம் கொடுத்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு.

இன்னொன்று. பிள்ளை விளையாடும்போது கூடவே நின்று, "அப்படி இல்ல, இப்படி ஊத்து" என்று வேலை வாங்காதீர்கள். மேற்பார்வைக்கு நாம் வேலைக்காட்டில் பட்டது போதும். பக்கத்தில் உட்கார்ந்து, அது என்ன செய்கிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள். "அடேயப்பா, இது கனமா இருக்கே! அது ஏன் மிதக்குது?" அது போதும். சிந்தினால் சிந்தட்டும், துடைக்க ஒரு துணியை அதன் கையிலேயே கொடுங்கள்.

ஆயாம்மா ஒருவர் என்ன செய்வார்?

இவ்வளவையும் படித்துவிட்டு ஆயாம்மாக்கள் என்னைத் திட்டுவார்கள். "பதினஞ்சு புள்ளைங்கள வச்சிக்கிட்டு ஒருத்தி நான் எப்படிய்யா தண்ணிப் பக்கத்துல உக்காருவேன்?" நியாயமான கேள்வி. 1984ஆம் ஆண்டுக் குழந்தைக் காப்பக மையச் சட்டத்தின் கீழுள்ள விதிகளின்படி, பதிவு பெற்ற காப்பகத்தில் ஒரு வயதுக்கு உட்பட்ட 3 குழந்தைக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்று முதல் மூன்று வயது வரை 5 பிள்ளைக்கு ஒருவர், மூன்று முதல் நான்கு வயது வரை 10 பிள்ளைக்கு ஒருவர் வேண்டும். இந்தக் கணக்கை உங்கள் தோட்டத்து ஆயாக் கொட்டகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டத்திலும் காப்பகம் பற்றிய பகுதி இருக்கிறது. கிளைச் செயலாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆகவே அடுத்த கிளைக் கூட்டத்தில் தாய்மார்கள் எழுந்து நின்று நான்கு கோரிக்கை வையுங்கள். தச்சரின் அரை நாள் வேலை, கழுவிய மணல், ஆயாக் கொட்டகைக்குள்ளே கை கழுவக் குழாய், கணக்குப்படி இன்னொரு ஆயா. முதல் மூன்றும் நிர்வாகத்துக்குப் பெரிய செலவே இல்லை. நான்காவதுக்குத்தான் பேச வேண்டியிருக்கும். பேசத்தானே சங்கம் இருக்கிறது? காப்பகம் மூடிப்போன தோட்டத்தில் இருக்கிறவர்களும், பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபோனவர்களும் வீட்டிலேயே ஒரு பேசின் வைத்துத் தொடங்கலாம். ஒரு நாளைக்கு அரை மணி நேரம். அப்பாமார்களும் உட்காரலாம், தப்பில்லை.

அந்த அம்மாவுக்கு என் பதில் இதுதான். அம்மா, உங்கள் பிள்ளை கட்டிப்பால் நிறுத்தது, நாளைக்கு அதே வேலைக்குப் போகப் போவதால் அல்ல. பார்த்ததைச் செய்து பார்க்கிற வயது அது. டாக்டர் வீட்டுப் பிள்ளை ஊசி போட்டு விளையாடும், உங்கள் பிள்ளை உங்களைப் போல் விளையாடுகிறது. உங்களை அது அவ்வளவு உன்னிப்பாகக் கவனித்திருக்கிறது. அதற்கா அடி? உருட்டி, அடுக்கி, எது கனம் எது லேசு என்று பார்க்கத் தெரிந்த கை நாளை எந்த வேலைக்கும் போகலாம். ஊசி பிடிக்கவும் போகலாம், பேனா பிடிக்கவும் போகலாம். கை சுத்தமாக இருக்க வேண்டும் என்றீர்கள். இருக்கட்டும். அதற்குச் சோப்பு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. விளையாடி முடித்த பிறகு கழுவிவிடுங்கள்.